சீட்டித் துணி செய்த குற்றம்

வெளிநாட்டு டூர் போகிற நம்மவர்கள் லண்டனில் கட்டாயம் பார்ப்பது எதை? பிக் பென், தேம்ஸ் நதிப் பாலம், மெழுகு பொம்மைகள். பாரீஸ் என்றால் ஐஃபில் டவர், அப்புறம் கூட்டத்தில் எட்டி எட்டிப் பார்த்துவிட்டு வருகிற மோனலிசா. நடுவில் யாராவது, “இங்கே துணி மியூசியம் ஒண்ணு இருக்கு, போலாமா?” என்று கேட்டுவிட்டால் பஸ்ஸிலேயே கலாட்டாதான். “துணியைப் பார்க்கவா லட்ச ரூபா செலவு பண்ணி வந்தோம்? அதுக்கு தி.நகர் போதாதா?”

நியாயமான கேள்வி! ஆனாலும் அடுத்த முறை கொஞ்சம் பொறுமையாக அந்த மியூசியத்துக்குள் நுழைந்து பாருங்கள். அரை இருட்டான கூடம். கண்ணாடிக்குப் பின்னால் இருநூற்றைம்பது, முந்நூறு வயதான ஒரு பருத்தித் துணி. அதில் வளைந்து வளைந்து ஏறும் ஒரு மரம். கிளைக்குக் கிளை வேறு வேறு பூக்கள். சிவப்பு இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. கீழே சின்னதாக ஒரு விவரச் சீட்டு. அதில் ‘கோரமண்டல் கோஸ்ட்’ என்று போட்டிருக்கும்.

கோரமண்டல் என்றால் வேறென்ன... நம்ம சோழமண்டலம்தான்! ஐரோப்பியர் வாயில் நுழையாமல் அப்படி ஆகிவிட்டது. நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை, புதுச்சேரி, சதுரங்கப்பட்டினம், பழவேற்காடு என்று போய், வடக்கே மசூலிப்பட்டினம் வரைக்கும் நீளும் கடற்கரை. ஒரு காலத்தில் உலகமே ஆசைப்பட்ட பூத்துணி இந்தக் கரையிலிருந்துதான் கப்பல் ஏறியது.

அந்தத் துணிக்குப் பெயர் என்ன தெரியுமா? ஆங்கிலத்தில் ‘சிண்ட்ஸ்’. டச்சுக்காரர்கள் ‘சிட்ஸ்’ என்பார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு ‘இண்டியென்’, அதாவது இந்தியத் துணி. நம் பாட்டிமார்கள் ‘சீட்டிப் பாவாடை’ என்று சொல்வார்களே... அதே சீட்டிதான்!

இந்தச் சீட்டித் துணியை உடுத்துவது ஐரோப்பாவில் ஒரு குற்றமாக இருந்தது என்றால் நம்புவீர்களா? கடத்தல் பொருள் மாதிரி துரத்தித் துரத்திப் பிடித்தார்கள், சார்!

சாட்சி லண்டனிலேயே இருக்கிறது. விக்டோரியா-ஆல்பர்ட் மியூசியத்தின் சேகரிப்பில் ஒரு கட்டில் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனின் நாடக சூப்பர் ஸ்டார் டேவிட் காரிக்கின் வீட்டுக் கட்டில் அது. செய்தது அந்தக் காலத்தின் பேர்போன மரச்சாமான் கலைஞர் சிப்பண்டேலின் பட்டறை. அதற்கான திரைச்சீலை மசூலிப்பட்டினத்துச் சீட்டி. கல்கத்தாவில் நாடகக் கொட்டகை நடத்திய வெள்ளைக்காரர்கள், காரிக் செய்த உதவிக்கு நன்றியாக அனுப்பிவைத்த அன்பளிப்பு.

1775-ல் கஸ்டம்ஸ்காரர்கள் வந்து, ‘இது தடை செய்யப்பட்ட சரக்கு’ என்று துணியைப் பறிமுதல் செய்துவிட்டார்கள். மேடையில் ராஜாவாக நடித்து ஊரையே கைதட்ட வைத்தவர், கஜானா அதிகாரிக்குக் கெஞ்சிக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. எப்படியோ துணி கைக்கு வந்து சேர்ந்தது. இல்லாவிட்டால் இன்றைக்கு மியூசியத்தில் எதைப் பார்ப்பது?

ஒரு கட்டில் திரைக்கு ஏன் இத்தனை கெடுபிடி?

கொஞ்சம் பின்னால் போவோம். ஐரோப்பியர்கள் கப்பல் கட்டிக்கொண்டு வந்தது துணிக்காக அல்ல, மிளகு, கிராம்பு, ஜாதிக்காய்க்காக. ஆனால் ஜாவாவிலும் மலுக்காஸ் தீவுகளிலும் போய் வெள்ளிக்காசை நீட்டியபோது, அங்கே இருந்தவர்கள் விரும்பிக் கேட்டது சோழமண்டலத் துணியை! அதைத்தான் அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பண்டமாற்றாக வாங்கிவந்தார்கள். ‘ஓஹோ, இதுதான் இங்கே செல்லுபடியாகும் காசா?’ என்று டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கோட்டையே கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கூடவே கொஞ்சம் துணியை ஊருக்கும் அனுப்பிப் பார்த்தார்கள். அவ்வளவுதான்... பற்றிக்கொண்டது மோகம்!

கம்பளியும் தடித்த லினனும் கட்டிக்கொண்டிருந்த ஊர் அது. பட்டு பணக்காரர்களுக்கு மட்டும். அங்கே போய் எடையே இல்லாத, துவைக்கத் துவைக்கச் சாயம் போகாத, பூப்பூவான பருத்தியை இறக்கினால் என்ன ஆகும்? முதலில் படுக்கை விரிப்பு, திரைச்சீலை. அப்புறம் கவுன். வேலைக்காரப் பெண்ணும் எஜமானியும் ஒரே மாதிரிப் பூத்துணியில் நிற்க, ‘யார் யார் என்றே தெரியவில்லையே’ என்று பெரியவர்கள் புலம்பினார்கள். பிரான்சில் மோலியேர் 1670-ல் எழுதிய நாடகத்தில், மேல்தட்டு ஆசாமியாகக் காட்டிக்கொள்ளத் துடிக்கும் புதுப்பணக்காரர் போட்டுக்கொண்டு அலட்டுவது எதை? இண்டியென் அங்கியைத்தான்.

ஒரு வேடிக்கை. ‘ஆஹா, என்ன ஒரு இந்தியப் பாரம்பரிய டிசைன்!’ என்று மியூசியத்தில் வியக்கிறோமே, அதில் பாதி ஆர்டர் கொடுத்துச் செய்யச் சொன்னது. 1643-லேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் முதலாளிகள் சூரத்தில் இருந்த தங்கள் ஆட்களுக்கு எழுதினார்கள் - சிவப்புப் பின்னணி இங்கே அவ்வளவாக எடுபடவில்லை, வெள்ளைத் தரையில் பூவும் கிளையும் போட்டு அனுப்பச் சொல்லுங்கள் என்று. பிறகு மாதிரிப் படங்களே கப்பலில் வந்தன. அந்த வளைந்த மரத்தில் பாரசீகமும் இருக்கிறது, சீனாவும் இருக்கிறது, இங்கிலீஷ் எம்ப்ராய்டரியும் இருக்கிறது. எதைக் கேட்டாலும் வரைந்து கொடுத்த கை மட்டும் நம்மூர்க் கை.

இதனால் வயிறு எரிந்தது யாருக்கு? அங்கத்திய நெசவாளிகளுக்கு. பாவம், அவர்கள் பிழைப்பும் பிழைப்புத்தானே!

பிரான்ஸ் முந்திக்கொண்டது. 1686-ல் பதினான்காம் லூயியின் அரசு, இந்தியப் பூத்துணியை இறக்குமதி செய்யக் கூடாது, உள்நாட்டில் அதைப் போலச் செய்யவும் கூடாது என்று உத்தரவு போட்டது. இங்கிலாந்தில் 1700-ல் வந்த சட்டம் சாயமிட்ட, பூப்போட்ட ஆசியத் துணிகளுக்குத் தடை விதித்தது. அப்படியும் அடங்கவில்லை. வெள்ளைத் துணியாக இறக்கி லண்டனிலேயே அச்சடித்து விற்றார்கள். 1719-ல் லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதி நெசவாளிகள் தெருவில் இறங்கினார்கள். சீட்டி கவுன் போட்டுக்கொண்டு போன பெண்களை வழிமறித்து உடையைக் கிழித்தார்கள். மையை வீசினார்கள், ஆசிட்டையும்கூட. ராபின்சன் குரூசோ எழுதினாரே டேனியல் டிஃபோ, அவர்கூட நெசவாளிகள் கட்சியில் நின்று பேனா பிடித்தார். 1721-ல் இன்னொரு சட்டம் வந்தது. இந்த முறை பூப்போட்ட பருத்தியை உடுத்துவதே குற்றம்!

தடை போட்டால் மோகம் போய்விடுமா? பிரான்சில் பதினைந்தாம் லூயியின் காதலி மதாம் போம்பதூரின் மாளிகையிலேயே தடை செய்யப்பட்ட துணி மின்னியது. சட்டம் சந்தைக்காரிக்கு, சலுகை அரண்மனைக்காரிக்கு. எந்த ஊராக இருந்தால் என்ன!

இங்கேதான் புதுச்சேரி கதைக்குள் வருகிறது.

பிரெஞ்சுக்காரர்களுக்கு ஒரு கேள்வி மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. ‘பருத்தியில் இந்தச் சிவப்பு எப்படிய்யா நிற்கிறது?’ கம்பளிக்கும் பட்டுக்கும் சாயமேற்ற அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பருத்தியில், அதுவும் வேண்டிய இடத்தில் மட்டும், துவைத்தாலும் போகாத நிறத்தைப் பிடித்து நிறுத்தும் வித்தை முழுசாகப் பிடிபடவில்லை.

1734-ல் போலியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுச்சேரிக்கு வந்தார். பாரீஸில் இருந்த ஒரு விஞ்ஞானி கேட்டுக்கொண்டபடி, ஒரு துணி தயாராவதை முதலிலிருந்து கடைசிவரை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டார். அந்தத் துண்டுகள் ஒட்டிய கையெழுத்துப் பிரதி பாரீஸ் இயற்கை வரலாற்று மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்து வந்தவர் ஒரு பாதிரியார். கேர்தூ என்று பெயர். ஏசு சபைக்காரர். லேசுப்பட்ட ஆசாமி இல்லை. சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் உறவு மொழிகள் என்று வில்லியம் ஜோன்ஸ் 1786-ல் சொல்லிப் புகழ் வாங்கினாரே, அதற்கு ஏறக்குறைய இருபது வருடம் முன்பே அதை எழுதிவைத்தவர். இவர், தன்னிடம் மதம் மாறியிருந்த சாயக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்துக் கேட்டுக் கேட்டு, தொழில் ரகசியம் முழுவதையும் 1742 ஜனவரியில் நீளமான ஒரு கடிதமாக எழுதி ஊருக்கு அனுப்பினார். அது அச்சேறி எல்லோர் கைக்கும் போயிற்று.

அப்படி என்ன ரகசியம்? கேளுங்கள், நம் வீட்டுச் சமையலறையும் நாட்டு மருந்துக் கடையும் சேர்ந்து நடத்திய வேலை அது.

முதலில் துணியை அரை வெளுப்பாக வெளுத்து, கடுக்காய்த் தூளும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைக்க வேண்டும். கடுக்காயின் துவர்ப்பு நூலோடு ஒட்டிக்கொள்ளும். பாலின் கொழுப்பு, மை பரவாமல் தடுக்கும். பிறகு மரக்கட்டையால் அடித்து வழவழப்பாக்குவது. ஊசியால் துளையிட்ட காகிதத்தை மேலே விரித்துக் கரித்தூளைத் தட்டினால், படம் புள்ளி புள்ளியாகக் கீழே இறங்கும். புளித்த நீரில் இரும்பை ஊறப்போட்டு எடுத்த கரைசலால் கோடு இழுத்தால் கடுக்காயோடு சேர்ந்து கறுப்பாகும்.

சிவப்புதான் சூட்சுமம். சிவப்பு வேண்டிய இடத்தில் சிவப்பைப் பூச மாட்டார்கள். படிகாரத்தைப் பூசுவார்கள்! படிகாரத்துக்குச் சொந்தமாக நிறமே கிடையாது. அதன்பின் சாயவேர் போட்ட கொப்பரையில் துணியைக் கொதிக்கவைத்தால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். மற்ற இடத்தில் ஏறியது, சாணத் தண்ணீரில் அலசி வெயிலில் போடப் போடப் போய்விடும். நம் கடலோர மணலில் முளைக்கிற இம்பூறல் செடியின் வேர்தான் அந்தச் சாயவேர்.

நீலத்துக்கு வேறு கணக்கு. நீலம் வேண்டாத இடமெல்லாம் மெழுகு பூசி, அவுரிச் சாயத் தொட்டியில் முக்கி எடுத்து, மெழுகை உருக்கிக் களைய வேண்டும். பச்சை? நீலத்தின் மேல் மஞ்சளைப் பூசினால் பச்சை. இந்த மஞ்சள் மட்டும் நிலைக்காது. மியூசியத்துப் பழைய துணிகளில் இலைகளெல்லாம் நீலமாக இருக்கும், கவனித்துப் பாருங்கள். வரைந்தவன் நீல இலை போடவில்லை. மஞ்சள் காலத்தோடு போய்விட்டது, அவ்வளவுதான்.

பாதிரியார் செய்தது திருட்டா? கதவை உடைத்து எடுக்கவில்லை. மிரட்டி வாங்கியதாகவும் தெரியவில்லை. நம்பிக்கையானவர், சாமியார், கேட்கிறாரே என்று சொன்னார்கள். சொன்னது எத்தனை தலைமுறையின் சோறு என்று சொன்னவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கடிதம் போகும் ஊரையும் அங்கே காத்திருக்கும் பட்டறைகளையும் அவர்கள் கண்டதில்லையே!

அந்த ஒரு கடிதத்தால்தான் எல்லாம் போயிற்று என்று சொன்னால் அது அதிகப்பிரசங்கம். மார்செய் துறைமுகத்தில் ஏற்கெனவே முயற்சிகள் நடந்திருந்தன. சுவிட்சர்லாந்தில் பட்டறைகள் ஓடிக்கொண்டிருந்தன. முலூஸ் என்ற ஊரில் 1746-ல் முதல் அச்சுப் பட்டறை வந்தது. இன்றைக்கு அது பிரான்ஸ். அன்றைக்குத் தனி நகர அரசு, அதனால் பிரெஞ்சுத் தடை செல்லாது! 1759-ல் பிரான்ஸ் தடையை நீக்கியதும் கதவு முழுசாகத் திறந்துகொண்டது. மறு வருடமே ஓபர்காம்ப் என்ற ஜெர்மன் இளைஞர், வெர்சாய் அரண்மனைக்குப் பக்கத்தில் ஜூயி என்ற கிராமத்தில் கடை விரித்தார். வயது 22-கூட முழுசாக ஆகவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை பார்க்கும் ஆலையாக அது வளர்ந்தது. ராஜா விருது கொடுத்தார். ராஜா போனபின் நெப்போலியனும் கொடுத்தார்.

ஜூயியிலும் ஒரு மியூசியம் இருக்கிறது. முலூஸில் அச்சுத் துணிக்கென்றே 1955-ல் மியூசியம் திறந்தார்கள். டூர் போகிறவர்கள் ஒன்று கவனியுங்கள். வெளிச்சம் பட்டால் கெடும் என்பதால் பழைய துணிகளை மாற்றி மாற்றித்தான் காட்சிக்கு வைப்பார்கள். போவதற்கு முன் விசாரித்துக்கொள்வது நல்லது.

இந்தக் கதையில் கறுப்புப் பக்கமும் ஒன்று உண்டு. மேற்கு பிரான்சில் நாந்த் என்ற துறைமுகம். அங்கிருந்து கிளம்பிய கப்பல்கள் ஆப்பிரிக்கக் கரையில் அடிமைகளை வாங்கக் கொண்டுபோன சரக்கில் முக்கியமானது, இந்தியத் துணியும் அதைப் பார்த்து உள்ளூரில் அடித்த காப்பியும். ஒரு முழத் துணிக்கு மனிதனை அளந்தார்கள். அந்த ஊர்க் கோட்டை மியூசியத்தில் அடிமை வியாபாரத்துக்கென்றே அறைகள் உண்டு. பூப்போட்ட துணி எல்லாமே பூப்போன்ற கதை சொல்வதில்லை.

சரி, மியூசியம் போதும், கடைக்குப் போவோம். பிரான்சின் தெற்கே ப்ரொவான்ஸ் பகுதி. ஆர்ல், அவிஞோன், தாராஸ்கோன் என்று எந்த ஊருக்குப் போனாலும் கைவினைக் கடை வாசலில் மஞ்சளும் நீலமும் சிவப்புமாக மேசை விரிப்புகள் தொங்கும். கடைக்கார அம்மணியைக் கேட்டால், “எங்கள் ஊர்ப் பாரம்பரியம்” என்பார் பெருமையாக. கிட்டப் போய்ப் பாருங்கள்... அட, நம்ம மாங்காய் டிசைன்! துணியின் பெயரைக் கேளுங்கள். ‘இண்டியென்’ என்பார்.

சிரிப்பு வரும். கொஞ்சம் கோபமும் வரும். ஆனால் அந்த அம்மணி சொல்வதும் பொய்யில்லை. முந்நூறு வருடத்துக்கு மேலாக அவர்கள் ஊர்ப் பெண்கள் உடுத்திய துணி. தாராஸ்கோனில் சூலயாதோ என்ற நிறுவனம் ஆயிரக்கணக்கான பழைய மர அச்சுகளைக் காப்பாற்றி மியூசியமாகவே வைத்திருக்கிறது. ஆர்லில் கவிஞர் மிஸ்த்ரால், தன் நோபல் பரிசுப் பணத்தைப் போட்டு, ஊர் மக்களின் உடையையும் புழங்கு பொருளையும் காக்கும் மியூசியத்தைப் பெரிதாக்கினார். இரவல் வாங்கியதைக்கூட இத்தனை அக்கறையாக வைத்துக்கொள்ளத் தெரிகிறதே, அதைச் சொல்லுங்கள்!

நம் பக்கம் என்ன ஆயிற்று? பத்தொன்பதாம் நூற்றாண்டில் சக்கரம் தலைகீழாகச் சுற்றியது. மான்செஸ்டரிலிருந்து மெஷின் அச்சடித்த சீட்டி மலிவு விலையில் நம் சந்தைக்கே வந்து இறங்கியது. சாயவேரின் சிவப்புக்குக் காரணமான அலிசரினை 1868-ல் ஜெர்மன் வேதியியலாளர்கள் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிவிட்டார்கள். 1897-ல் செயற்கை நீலமும் சந்தைக்கு வந்தது. வேர் தோண்டியவர், அவுரி விதைத்தவர், துணி வெளுத்தவர், கோடு இழுத்தவர் என்று ஒரு சங்கிலியே அறுந்தது. இங்கே இருந்த பழந்துணியோ உடுத்திக் கிழிந்தது, வெக்கையில் மக்கியது, கரித்துணியாகவும் ஆனது. அங்கே பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். அதனால்தான் சோழமண்டலத் துணியைப் பார்க்க லண்டனுக்கு டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கிறது.

முழுசாக அழிந்துவிட்டதா என்றால், இல்லை. ஆந்திராவில் காளஹஸ்தியும் மசூலிப்பட்டினமும் கலம்காரியைக் கைவிடவில்லை. தமிழ்நாட்டில் கும்பகோணம் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கோயில் தொம்பையும் தோரணமும் விதானமும் இன்றும் கையால் எழுதுகிறார்கள். ஆமாம், வரைவது என்று சொல்வதைவிட எழுதுவது என்றுதான் சொல்ல வேண்டும். ‘கலம்’ என்றால் பேனா. கருப்பூர் கலம்காரி என்ற பெயரில் 2021-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தப் பெயரை வேறு ஊர்க்காரர் போட்டு விற்கக் கூடாது என்கிற சட்டப் பாதுகாப்பு. பாதிரியார் கடிதம் எழுதி 279 வருடம் கழித்து!

கடைக்குப் போகும்போது, அது ஆர்லோ கும்பகோணமோ, துணியைத் திருப்பிப் பாருங்கள். கையால் எழுதியதில் ஒரு பூவைப் போல இன்னொரு பூ அச்சாக இருக்காது. சாயம் பின்பக்கமும் இறங்கியிருக்கும். மெழுகிட்டு நீலம் ஏற்றிய பழைய பாணித் துணியென்றால், மெழுகு விரிசல் விட்ட இடத்தில் மெல்லிய நீல நரம்புகள் ஓடும். மெஷினுக்கு அந்தத் தடுமாற்றம் வராது. விலை கூடுதலாகச் சொன்னால், கடுக்காயிலிருந்து கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

கேர்தூவின் பெயர் நமக்குத் தெரியும். போலியூ, ஓபர்காம்ப், கட்டில் செய்த சிப்பண்டேல், அதில் படுத்த காரிக் - எல்லோர் பெயரும் தெரியும். புதுச்சேரியில் பாதிரியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “இப்படி இல்லீங்க சாமி, படிகாரத்தை முதல்ல பூசணும்” என்று சொல்லிக்கொடுத்திருப்பாரே ஒருவர், அவர் பெயர்தான் தெரியாது. மியூசியத்தின் விவரச் சீட்டில் ஊர் இருக்கும், வருடம் இருக்கும், செய்தவர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி.

சிக்கல்நாயக்கன்பேட்டைப் பக்கம் போகிறவர்கள், வாங்குகிற துணியின் ஓரத்தில் செய்தவரைக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். இன்னும் முந்நூறு வருடம் கழித்து எந்த ஊர்க் கண்ணாடிப் பெட்டிக்குள் அது போய் உட்காரப்போகிறதோ, யார் கண்டது!